தலைப்பு தேடித்தரும் சேவை: படிவம் அருமை, பட்டியல் தேறாது

கிளாரினெட், வியோலா, செல்லோ மூன்றுக்குமாக எழுதிய நாலு நிமிட சேம்பர் இசைக்கு, அதாவது சிறு குழு வாசிக்கும் இசைக்கு, பெயர் வைக்க முடியாமல் மூன்று வாரம் திண்டாடினேன். கோப்பின் பெயர் 'ட்ரியோ 7' (ட்ரியோ என்றால் மூவர் வாசிப்பது) என்றே கிடந்தது. வாசிக்கப்போகிறவர்கள் நிகழ்ச்சிநிரலில் போடப் பெயர் கேட்டபோதுதான், இசைக்குத் தலைப்பு பரிந்துரைக்கும் இணையச் சேவை ஒன்றைப் போய்ப் பார்த்தேன்.

முதலில் ஒரு படிவம். என்னென்ன வாத்தியம், எவ்வளவு நேரம், என்ன உணர்வு, சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் நடுவில் ஒரு கேள்வி: 'இந்த இசையில் எந்த வாத்தியம் எதை விடாமல் செய்கிறது?' அரைமணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். வியோலா ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, மற்ற இரண்டும் விலகி விலகிப் போய் அதனிடமே திரும்பி வருகின்றன, கடைசியில் வியோலா ஓய்ந்ததும் செல்லோ அந்த ஸ்வரத்தை வாங்கிக்கொள்கிறது என்று எழுதினேன். எழுதிய எனக்கே அதுவரை இது இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தச் சேவையைப் பயன்படுத்தலாம்.

அப்புறம் வந்த பட்டியலில்தான் ஏமாற்றம். நினைவு, நிழல், மௌனம், ஏக்கம் என்று எந்த மெதுவான இசைக்கும் ஒட்டவைக்கக்கூடிய இருபது பெயர்கள். கேட்பதற்கு முன்பே 'சோகப்படு' என்று சொல்லிவிடுகிற பெயர்கள். தலைப்பு சின்ன விஷயம் இல்லை. போலந்து இசையமைப்பாளர் பெண்டரெட்ஸ்கி 52 தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய படைப்புக்கு முதலில் 8 நிமிடம் 37 வினாடி என்ற கால அளவுதான் பெயர், ஹிரோஷிமா பிறகுதான் தலைப்பில் வந்து சேர்ந்தது. ஸ்வரங்கள் அதேதான், ஆனால் இன்று அந்த ஊரை நினைக்காமல் அதைக் கேட்க என்னால் முடியாது.

இன்னொரு குறை, இசையின் வடிவத்தை மட்டும் சொல்லும் எளிய பெயர் ஒன்றுகூட வரவில்லை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபர்னின் ஓபஸ் 9-ல் (ஓபஸ் என்பது படைப்பு எண்) ஆறு உருப்படிகளும் சேர்ந்தே ஏறக்குறைய 4 நிமிடம்தான். அவற்றுக்கு பகடெல், அதாவது சின்ன உருப்படி, என்ற பெயரே போதுமானதாக இருந்தது.

நான் வைத்த பெயர் 'விடாப்பிடி'. பட்டியலில் அது இல்லை, படிவத்தில் நான் எழுதிய பதிலிலிருந்து வந்தது. சொன்னதும் வியோலா வாசிப்பவர், ஸ்வரத்தை நடுங்கவைக்கும் விரலசைவான விப்ராட்டோவைப் பற்றிக் கேட்டார்: "அப்போ அந்த ஸ்வரத்தை விப்ராட்டோவே இல்லாமல் பிடிக்கட்டுமா?"