குழந்தைகளிடம் ஆய்வு: நேர்காணலா, குழுப் பேச்சா, வரைந்துகொண்டே பேசுவதா?

பள்ளி இடைவேளை நேரம் எப்படிப் போகிறது என்பதை 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளிடமே கேட்டறிவதுதான் எங்கள் ஆய்வு. எப்படிக் கேட்பது என்பதற்கு மூன்று வழிகள் இருந்தன: தனி நேர்காணல், குழுக் கலந்துரையாடல், பிள்ளை படம் வரையும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது. மூன்றையும் முன்னோட்டமாகச் செய்து பார்த்த பிறகு மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

எல்லோரும் அறிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நேர்காணலில் ஆழம் கிடைக்கும், நேரம் பிடிக்கும். குழுவில் பல குரல்கள் கிடைக்கும், ஆனால் துடுக்கான ஒருவர் மற்றவர்களின் பேச்சை விழுங்கிவிடுவார். படம் வரைந்தால் கூச்சம் தெளியும், பகுப்பாய்வு இழுக்கும். பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் இசைவும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் மூன்றுக்குமே வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: பதில் சொல்லாமல் இருக்கப் பிள்ளைக்கு எந்த முறை இடம் கொடுக்கிறது?

1980-இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளிடம் பொருளற்ற கேள்விகளைக் கேட்டார்கள். "பால் தண்ணீரைவிடப் பெரியதா?" "சிவப்பு மஞ்சளைவிடக் கனமா?" என்ற வகைக் கேள்விகள். கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் ஏதோ ஒரு பதிலைச் சொன்னார்கள். பெரியவர் கேட்டால் பதில் இருந்தே ஆக வேண்டும் என்று குழந்தை நம்புகிறது. அதே கேள்வியை இரண்டாம் முறை கேட்டாலோ, முதலில் சொன்னது தவறு போலும் என்று எண்ணிப் பதிலை மாற்றிவிடுவதும் உண்டு. 'ஆமா, இல்லையா' என்று கேட்காமல் திறந்த கேள்வியாகக் கேட்டால் 'தெரியாது' என்று சொல்வது கூடுகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அது பாதித் தீர்வுதான். எதிரெதிர் நாற்காலி, நடுவில் ஒலிப்பதிவுக் கருவி, முகத்தையே பார்க்கும் பெரியவர் என்று அமைந்த நேர்காணலில் மௌனம் ஒரு குறையாகவே தெரிகிறது. அதை நிரப்பப் பிள்ளை எதையாவது சொல்லிவிடுகிறது.

ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, குழந்தைக்குத் தன் கருத்தைச் சொல்லும் உரிமையைத் தருகிறது. சொல்வது குழந்தையின் விருப்பம், கடமை அல்ல என்பதை அந்த உடன்படிக்கைக்கான குழு 2009-இல் தெளிவாகவே எழுதியிருக்கிறது. தொடக்கத்தில் ஒரு படிவத்தில் இசைவு வாங்கிவிட்டால் இது நிறைவேறிவிடாது. ஆசிரியர் அனுப்பிவைத்த பிள்ளை, "விருப்பமில்லை என்றால் சொல்லலாம்" என்று நாம் சொன்னதற்காக எழுந்து போய்விடாது.

வரையும்போது நிலைமை மாறுகிறது. கண் தாளில் இருக்கும், கைக்கு வேலை இருக்கும், பேசாமல் இருப்பது இயல்பாகிவிடும். ஒரு சிறுவன் விளையாட்டுத் திடலை வரைந்து, ஓரத்தில் ஒரு மரத்தைப் போட்டான். "இங்கே யார் இருப்பார்கள்?" என்று கேட்டேன். பதில் இல்லை. பச்சை வண்ணத்தை அழுத்தித் தேய்த்தான், பழுப்பை எடுத்தான், அடிமரத்தை நிதானமாக நிரப்பினான். நான் மறுபடி கேட்கவில்லை. பிறகு அவனாகவே, "அங்கே பெரிய அண்ணன்கள் இருப்பார்கள். நான் போக மாட்டேன்" என்றான். நேர்காணலாக இருந்திருந்தால் நான் அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பேன். பேனாவை மூடுவது, தாளைத் திருப்பிப் போடுவது, தொடர்பே இல்லாத ஒன்றை வரையத் தொடங்குவது ஆகிய எல்லாவற்றையும் 'போதும்' என்பதாகவே எடுத்துக்கொண்டோம்.

ஒரு எச்சரிக்கை: படத்துக்கு நாமாகப் பொருள் சொல்லக் கூடாது. கறுப்புச் சூரியன் சோகமாக இருக்க வேண்டியதில்லை; கைக்கு எட்டியது கறுப்பாக இருந்திருக்கலாம். பிள்ளை தன் படத்தைப் பற்றிச் சொல்வதுதான் தரவு. எந்தக் கோட்டின்போது எந்தச் சொல் வந்தது என்று குறித்துவைப்பது பெரும் வேலை. மூலப் படம் பிள்ளைக்கே சொந்தம். நகல் எடுக்கலாமா என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, பேச்சு எதிர்பாராத திசையில் போகும் முறை இது. யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் அதை ரகசியமாக வைக்க முடியாது என்பதை வண்ணங்களைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

குழுவிலும் மௌனத்துக்கு இடம் உண்டு. மற்றவர்கள் பேசும்போது ஒரு பிள்ளை சும்மா இருக்கலாம். விளையாட்டு விதிகளைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் வாதாடியதைக் கேட்டபோது வேறெந்த முறையிலும் இது கிடைக்காது என்று தோன்றியது. ஆனால் ரகசியம் காப்பதாக நான் என் சார்பில் மட்டுமே வாக்குக் கொடுக்க முடியும். மற்ற பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு? கேலி, மிரட்டல் போன்றவற்றைக் குழுவில் கேட்க நான் துணிய மாட்டேன்.

பதின்ம வயதினருடன் என் அனுபவம் குறைவு. வண்ணப் பென்சிலைப் பார்த்ததும் "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று சிலர் தள்ளிவைத்தார்கள். அவர்களுக்கு நடந்துகொண்டே பேசுவதோ நேர்காணலோ பொருந்தலாம். "எனக்கு வரைய வராது" என்று மதிப்பெண்ணுக்கு அஞ்சுகிற பிள்ளைகளுக்குக் களிமண்ணோ கட்டைகளோ கொடுத்தோம், ஓரளவு உதவியது. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுடன் இதைச் செய்து பார்த்ததில்லை. தொலைபேசி வழியாகத்தான் ஆய்வு என்றால் நேர்காணலைத் தவிர வழியில்லை. அப்போது கேள்விகளைப் பாதியாகக் குறைத்து, 'அடுத்தது' என்று பிள்ளை சொன்னால் காரணம் கேட்காமல் அடுத்த கேள்விக்குப் போவது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வேன்.