வெந்நீர்ப் பையும் ஹீட்டிங் பேடும்: நான்கு ஆண்டு ஒத்தட அனுபவம்

நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பதால் வந்த கீழ்முதுகுப் பிடிப்புக்கும், மூட்டுத் தேய்மானம் என்று மருத்துவர் சொன்ன வலது முழங்கால் வலிக்கும் நான்கு ஆண்டுகளாகச் சூட்டு ஒத்தடம் கொடுத்து வருகிறேன். முதல் ஆண்டில் ரப்பர் வெந்நீர்ப் பையை மட்டும் பயன்படுத்தினேன். பிறகு மின்சார ஹீட்டிங் பேட் வாங்கினேன். இரண்டுமே பயன் தந்தன. ஆனால், ஒத்தடமே வலியைப் போக்கிவிடும் என்று நம்பியிருந்த காலத்தில் கிடைத்த பயன் மிகக் குறைவு.

சூடு பட்ட இடத்தில் இரத்த நாளங்கள் விரிந்து இரத்த ஓட்டம் கூடுகிறது, இறுகிய தசை தளர்கிறது, வலி உணர்வும் சற்று மட்டுப்படுகிறது. ஆனால் வெளியிலிருந்து கொடுக்கும் சூடு தோலுக்குக் கீழே ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவுக்கே நன்றாக இறங்கும். இதை அறியாமல், வலி ஆழத்தில் இருக்கிறது, ஆகவே சூட்டைக் கூட்டினால்தான் அங்கே போய்ச் சேரும் என்று எண்ணி, பேடை எப்போதும் உச்ச அளவிலேயே வைத்தேன். அதுவும் பேடை விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்து, பல இரவுகள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து, நான் சட்டை மாற்றும்போது என் மனைவி பார்த்துவிட்டு, "முதுகில் என்னங்க இது, வலை பின்னின மாதிரி இருக்கு?" என்று கேட்டார். கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோது இடுப்புக்குச் சற்று மேலே பழுப்பு நிறக் கோடுகள் ஒன்றோடொன்று பின்னி, மீன்வலையின் கண்களைப் போலத் தெரிந்தன. வலியோ அரிப்போ இல்லாததால் நான் அறியவே இல்லை. தோலைச் சுடாத அளவுச் சூடு ஒரே இடத்தில் நாள்தோறும் நெடுநேரம் பட்டால் இப்படி ஆகும் என்று தோல் மருத்துவர் விளக்கி, பேடை நிறுத்தச் சொன்னார். கோடுகள் மங்குவதற்கு ஏழெட்டு மாதங்கள் ஆயின. வெறும் 44 டிகிரி செல்சியஸ் சூடுகூட, ஆறு மணி நேரம் தோலோடு ஒட்டியே இருந்தால் தீப்புண் உண்டாக்க வல்லது என்பதைப் பிறகுதான் படித்தேன். மேலே படுத்தால் சூடு வெளியேற வழியின்றித் தேங்குகிறது. ஆகவே இப்போது குப்புறப் படுத்து, முதுகின்மேல் ஒரு பருத்தித் துணி விரித்து, அதன்மேல் பேடை வைத்து, நடுத்தர அளவில் இருபது நிமிடங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர்ப் பைதான் என் தேர்வு. அதில் கொதிநீர் ஊற்றக் கூடாது. கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலான நீரை முக்கால் பங்குக்கும் குறைவாக ஊற்றி, பையை மெல்லச் சாய்த்து அழுத்தி, கழுத்துவரை நீர் ஏறி வந்தபின் மூடியைத் திருக வேண்டும். காற்று தங்கிய பை பலூன் போல் உப்பி, மூட்டின்மேல் நிற்காமல் வழுக்கும். கழுத்துப் பகுதியில் நுண்ணிய விரிசல் தென்பட்டால் அன்றே பையை மாற்றிவிடுகிறேன்.

எல்லா வலிக்கும் சூடு பொருந்தாது. கணுக்கால் சுளுக்கிய அன்றே ஒத்தடம் கொடுத்து, வீக்கம் கூடி இரவெல்லாம் தெறித்த அனுபவம் எனக்கு உண்டு. புதிய காயத்துக்கு முதல் இரண்டு நாள்களாவது குளிர் ஒத்தடமே ஏற்றது. சிவந்து வீங்கிக் கொதிக்கும் மூட்டிலும், வலி நிவாரணக் களிம்பு பூசிய இடத்திலும் சூடு வைக்கக் கூடாது. நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூட்டின் அளவே தெரியாது என்பதால், மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையான மாற்றத்தைத் தந்தது, ஒத்தடம் முடிந்த கையோடு செய்யும் பத்து நிமிடப் பயிற்சி. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி முழங்கால்களை மார்போடு அணைத்து முதுகை நீட்டுகிறேன். இதைத் தவிர்த்த நாள்களில் ஒரு மணி நேரத்துக்குள் பிடிப்பு திரும்பிவிடும். செய்த நாள்களில் மாலைவரை நிம்மதியாக இருக்க முடிகிறது. மாடிப்படி இறங்கும்போது வரும் முழங்கால் வலியை ஒத்தடம் ஒருபோதும் குறைத்ததில்லை. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிதான் குறைத்தது. ஆனால் காலையில் விறைத்துக் கிடக்கும் மூட்டு, அந்த இருபது நிமிடச் சூடு இல்லாமல், பயிற்சியைத் தொடங்கவே இடம் கொடுத்திருக்காது.