திரைப்படக் கல்லூரியா, உதவி இயக்குநர் வேலையா, குறும்படமா: இயக்குநராக விரும்புகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

தமிழில் படம் இயக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்ட ஒருவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து முறையாகப் படிப்பது ஒன்று. ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்ந்து படப்பிடிப்புத் தளத்திலேயே தொழிலைக் கற்றுக்கொள்வது இன்னொன்று. இரண்டும் இல்லாமல், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு குறும்படம் எடுத்து, அதைக் காட்டித் தயாரிப்பாளரிடம் வாய்ப்புக் கேட்பது மூன்றாவது. இவற்றில் எது சிறந்தது என்ற விவாதம் பெரும்பாலும் வெற்றி பெற்றவர்களின் பெயர்களை அடுக்குவதிலேயே முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு வழிக்கும் அப்படிப் பத்துப் பெயர்களைச் சொல்ல முடியும் என்பதால், அந்தப் பட்டியல்கள் எவருக்கும் எதையும் தீர்மானித்துக் கொடுப்பதில்லை.

கல்லூரி வேண்டாம் என்பவர்கள் முதலில் எடுக்கும் பெயர் மணிரத்னம். அவர் மும்பையில் மேலாண்மை படித்தவர். திரைப்படக் கல்லூரிக்குப் போகாமலும், முறையாக எவரிடமும் உதவி இயக்குநராக இல்லாமலும் நேரடியாகப் படம் இயக்க வந்தவர். ஆனால் 1983-இல் வெளிவந்த அவருடைய முதல் படமான கன்னட ‘பல்லவி அனுபல்லவி’க்கு ஒளிப்பதிவு செய்தவர், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற பாலு மகேந்திரா. ‘மௌன ராகம்’ (1986), ‘நாயகன்’ (1987) ஆகிய படங்களின் ஒளிப்பதிவாளர், சென்னைத் திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த பி.சி. ஸ்ரீராம். திரைப்படக் கல்வி பெறாத இயக்குநரால் நல்ல படம் எடுக்க முடியும் என்பதற்கு இது சான்றுதான்; கல்வி பெற்றவர்கள் உடன் இல்லாமலே எடுத்துவிடலாம் என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவற்றைத் தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்குக் கல்லூரி கொடுப்பது வேறு. இயக்கத்துக்குக் கொடுப்பது வேறு. லென்ஸ், ஒளி, மைக், வண்ணத் திருத்தம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லிக்கொடுக்கவும், பயிற்சி வைக்கவும், தவறைச் சுட்டிக்காட்டவும் முடியும். அத்தகைய பாடங்களுக்குக் கல்லூரியை விட்டால், ஒரு மூத்த கலைஞரிடம் பல ஆண்டுகள் உதவியாளராக இருப்பதே பெரும்பாலும் மாற்று. இயக்கமோ பாதி கதை, பாதி ஆட்களைக் கட்டி மேய்ப்பது. இந்த இரண்டாவது பாதியை எந்தப் பாடத்திட்டமும் முழுமையாகத் தர இயலாது. இந்தக் கட்டுரை இயக்கத்தையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

கல்லூரி என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வகைகள் உண்டு. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், 1945-இல் அரசு பாலிடெக்னிக்கின் பகுதியாகத் தொடங்கிய நீண்ட மரபின் தொடர்ச்சி. திரைத்துறையினர் பலர் இன்றும் அதை ‘அடையாறு இன்ஸ்டிட்யூட்’ என்றே சொல்கிறார்கள். பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கான நான்கு ஆண்டு இளங்கலைப் படிப்பு அங்கே உள்ளது. இயக்கமும் திரைக்கதையும் அதில் ஒரு பிரிவு. பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட புனே கல்லூரியும், 1995-இல் கொல்கத்தாவில் சத்யஜித் ராயின் பெயரில் தொடங்கப்பட்ட கல்லூரியும் மத்திய அரசைச் சார்ந்தவை. இவற்றின் முதன்மையான இயக்கப் படிப்புகள் பட்டதாரிகளுக்கானவை. இடங்கள் மிகக் குறைவு, போட்டி இந்தியா முழுவதிலிருந்தும் வருகிறது, வகுப்பறையில் தமிழ் இல்லை. மூன்றாவதாக, சென்னையிலேயே இயங்கும் தனியார் நிறுவனங்கள். இவற்றின் தரமும் கால அளவும் பலவிதம். கட்டணம் பெரும்பாலும் லட்சங்களில்.

இவற்றில் உண்மையில் கிடைப்பது என்ன? உலகப் படங்களைப் பார்க்கும் வாய்ப்பு என்பார்கள். ஒரு காலத்தில் அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. திரைப்படச் சங்கங்களையும் புனேவையும் விட்டால் ஜப்பானின் குரோசாவா, ஸ்வீடனின் பெர்க்மன் போன்ற இயக்குநர்களின் படங்களைப் பார்க்க வேறு வழியில்லாத நாட்கள் உண்டு. இப்போது அவை கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. கருவிகளைத் தொடும் வாய்ப்பு என்பதும் அதேபோல் மெலிந்துவிட்டது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் நானூறு அடி என்பது நான்கரை நிமிடத்துக்கும் குறைவு. அந்தச் செலவைத் தாங்க முடியாத மாணவனுக்குக் கல்லூரிதான் கேமராவைக் கையில் கொடுத்தது. 2008-இல் கேனன் 5டி மார்க் 2 போன்ற, படச்சுருள் இல்லாமலே வீடியோ எடுக்கும் டிஜிட்டல் கேமராக்கள் வந்த பிறகு அந்த ஏகபோகம் உடைந்தது.

மிஞ்சியிருப்பவை இரண்டு. அந்த இரண்டும் மிகப் பெரியவை என்பது என் கணிப்பு. முதலாவது, மோசமான படம் எடுக்கும் உரிமை. கல்லூரியில் ஒரு மாணவர் தானே எழுதி, தானே ஷாட் வைத்து, அதை வெட்டி ஒட்டிப் பார்க்கும்போதுதான், படப்பிடிப்பில் அற்புதமாகத் தோன்றிய ஒரு காட்சி எடிட்டிங் மேசையில் ஏன் செத்துப்போகிறது என்பதை உணர்கிறார். அந்தத் தோல்வியால் எவருடைய வட்டிப் பணமும் முழுகுவதில்லை. அடுத்த பயிற்சிப் படம் காத்திருக்கிறது. தவறை எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கிறார். இரண்டாவது, உடன் படிப்பவர்கள். ஒரே ஆண்டில் ஒளிப்பதிவும் ஒலியும் படத்தொகுப்பும் படிப்பவர்கள், பின்னாளில் ஒரே குழுவாக வெளியே வருகிறார்கள். 1986-இல் ‘ஊமை விழிகள்’ வந்தபோது, திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த படம் என்றே அது பேசப்பட்டது. கதை எழுதித் தயாரித்த ஆபாவாணனும் இயக்குநர் அரவிந்தராஜும் கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து செய்த அந்தப் படத்தின் வெற்றி, கோடம்பாக்கத்தில் கல்லூரி மாணவர்களைப் பற்றிய பார்வையையே சில ஆண்டுகளுக்கு மாற்றியது. அந்தக் குழுவைக் கூட்டிக் கொடுத்தது கல்லூரி வளாகம். சான்றிதழுக்கு அதில் பங்கில்லை. (சான்றிதழைப் பார்த்து இயக்குநர் வாய்ப்புக் கொடுக்கிற தயாரிப்பாளரை நம்பி எவரும் படிக்கப் போக வேண்டாம்.)

உதவி இயக்குநர் வழியின் பெருமை அதன் வம்சாவளியில் இருக்கிறது. கன்னடத்தின் புட்டண்ணா கனகாலிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும் என்று நான்கு தலைமுறை ஒரே கொடியில் ஓடுகிறது. எஸ்.ஏ. சந்திரசேகரனிடம் உதவியாளராக இருந்த ஷங்கர், பின்னர் பாலாஜி சக்திவேல், வசந்தபாலன், அட்லி ஆகியோருக்குக் குருவானார். படப்பிடிப்புத் தளம் கற்றுத்தருவதைக் கல்லூரி கற்றுத்தராது என்பதில் ஐயமில்லை. நடிகரின் கால்ஷீட் நான்கு மணி நேரமாகச் சுருங்கிவிட்டால் எந்தக் காட்சியை விட்டுக்கொடுப்பது, மழை வந்துவிட்டால் அன்றைய கூட்டத்தை வைத்து வேறு எதை எடுப்பது, கோபித்துக்கொண்டு கேரவனுக்குள் போய்விட்டவரை எப்படி வெளியே வரவைப்பது என்பனவெல்லாம் அருகிலிருந்து பார்த்தால் மட்டுமே படியக்கூடிய அறிவு. முதல் படத்திலேயே பல கோடியைக் கையாளப் போகிறவருக்கு இந்த அறிவு அலங்காரம் அல்ல. தயாரிப்பாளர் நம்புவதும் பெரும்பாலும் இதைத்தான்.

ஆனால் இந்த வழியைப் புகழ்பவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. உதவி இயக்குநர்களுக்குள் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. கிளாப் அடிப்பவர் ஒருவர், உடைகளின் கன்டினியூட்டியை (ஷாட்டுக்கு ஷாட் மாறாத தொடர்ச்சியை) குறிப்பவர் ஒருவர், துணை நடிகர்களை நிறுத்துபவர் ஒருவர், வசனம் எடுத்துக்கொடுப்பவர் ஒருவர். எடிட்டிங் அறைக்குள்ளும் கதை விவாதத்துக்குள்ளும் எவர் அனுமதிக்கப்படுவார் என்பது அந்தந்த இயக்குநரின் மனத்தைப் பொறுத்தது. மூன்று படங்களில் பணிபுரிந்தும் தானாக ஒரு ஷாட்டைத் தீர்மானிக்காத உதவி இயக்குநர் விதிவிலக்கு அல்லர். அவர் நூற்றுக்கணக்கான முடிவுகளைப் பார்த்திருக்கிறார், ஒன்றையும் எடுத்ததில்லை. கல்லூரி மாணவருக்குச் சிறிய அளவிலேனும் கிடைக்கும் அந்த அனுபவம் இவருக்கு முதல் படத்தின் முதல் நாளில்தான் கிடைக்கிறது.

நுழைவாயிலும் ஒப்பிடத்தக்கது. அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம், தேர்வு, இட ஒதுக்கீடு என்று எவரும் படித்துப் பார்த்துக்கொள்ளக்கூடிய விதிகள் உள்ளன. உதவி இயக்குநர் வேலைக்கு அறிவிப்பு கிடையாது. ஊர்க்காரர், நண்பர், நண்பரின் அண்ணன் என்று எவரேனும் ஒருவர் சொல்லியாக வேண்டும். வளசரவாக்கத்திலோ சாலிகிராமத்திலோ நான்கைந்து பேர் சேர்ந்து அறையெடுத்துத் தங்கி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் அந்த வாழ்க்கை, ஆண்களை மனத்தில் வைத்தே அமைந்தது. இயக்குநர் சுதா கொங்கரா மணிரத்னத்திடம் பல ஆண்டுகள் பணியாற்றி வந்தவர்தான் என்றாலும், எந்த அலுவலகத்துக்குள்ளும் தெரிந்தவர் இல்லாத ஒரு பெண்ணுக்குக் கல்லூரி வாசலே இரண்டில் எளிதானது என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாவது வழியான குறும்படத்துக்குத் தமிழில் ஒரு தெளிவான தொடக்கம் இருக்கிறது. கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சி, மென்பொருள் துறையிலிருந்த கார்த்திக் சுப்புராஜையும், நலன் குமாரசாமியையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. முன்னவரின் ‘பீட்சா’ 2012-இலும், பின்னவரின் ‘சூது கவ்வும்’ 2013-இலும் வந்தன. வங்கிப் பணியிலிருந்த லோகேஷ் கனகராஜும் குறும்படங்களின் வழியாக வந்து 2017-இல் ‘மாநகரம்’ எடுத்தார். இந்த வழியின் பெரிய நன்மை, வேலையை விடாமலே முயன்று பார்க்கலாம் என்பது. குறையும் அங்கேயே இருக்கிறது. குறை சொல்ல ஆசிரியர் இல்லை; பாராட்ட நண்பர்கள் மட்டும் இருக்கிறார்கள். தொலைக்காட்சிப் போட்டியில் நடுவர்கள் இருந்தார்கள்; யூடியூபில் பார்வை எண்ணிக்கைதான் நடுவர். மேலும், அன்று குறும்படம் என்பதே புதுமையாக இருந்ததால் தயாரிப்பாளர்கள் தேடிப் பார்த்தார்கள். இன்று குவிந்துகிடப்பவற்றில் ஒன்றைப் பார்க்க வைப்பதே தனி உழைப்பு. பத்து நிமிடக் கதையை நன்றாகச் சொன்னவருக்கு இரண்டரை மணி நேரக் கதையின் இரண்டாம் பாதியைத் தாங்கும் வலு இருக்கிறதா என்பதும் குறும்படத்திலிருந்து தெரியாது.

செலவே இல்லாத வழி எதுவும் இல்லை. கேட்கும் விதம்தான் வேறு. தனியார் கல்லூரி பணத்தை முன்கூட்டியே கேட்கிறது. உதவி இயக்குநர் வாழ்க்கை ஆண்டுகளைக் கேட்கிறது: படப்பிடிப்பு நாட்களில் பேட்டா (தினப்படி) வரும், கதை விவாத மாதங்களில் பல இடங்களில் சாப்பாடு மட்டுமே வரும், படம் பாதியில் நின்றுவிட்டால் அதுவும் வராது. அந்த இடைவெளிகளில் வாடகையை எவர் கட்டுவார் என்பதே இந்த வழியில் பலரைத் தங்கவைக்கிற, அல்லது ஊருக்குத் திருப்பி அனுப்புகிற காரணம். திறமை அதற்குப் பிறகுதான் பேசப்படுகிறது. அரசுக் கல்லூரி மட்டும் பணத்தில் மலிவு; ஆண்டுகளை அதுவும் கேட்கிறது.

இவை மூன்றும் எதிரெதிர் அணிகள் என்ற எண்ணமே பிழையானது என்பதற்கு பாலு மகேந்திராவை விடச் சிறந்த சாட்சி இல்லை. மட்டக்களப்பிலிருந்து புனேக்குப் போய் ஒளிப்பதிவு படித்த அவரிடம் பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி ஆகியோர் உதவியாளர்களாக இருந்தார்கள். பாலாவிடமிருந்து அமீர் வந்தார், ராமிடமிருந்து மாரி செல்வராஜ் வந்தார். புனே வளாகத்தில் படிக்காத பலரிடம் புனேயின் பார்வை ஓரளவு இப்படித்தான் வந்து சேர்ந்தது. பின்னர் பாலு மகேந்திராவே ‘சினிமா பட்டறை’ என்ற பயிற்சிக் கூடத்தைத் தொடங்கினார். அவரிடம் தளத்தில் கற்ற வெற்றிமாறன், வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் திரைக்கல்வி தரும் பன்னாட்டுத் திரை–பண்பாட்டு ஆய்வகத்தை நிறுவினார். உதவியாளராக வளர்ந்தவரே கல்விக்கூடம் தேவை என்று நினைப்பதில் ஒரு செய்தி இருக்கிறது.

என் தேர்வைச் சொல்வதானால்: பள்ளிப்படிப்பை முடித்தவருக்குத் தரமணியிலோ, பட்டம் பெற்றவருக்குப் புனே, கொல்கத்தாவிலோ இடம் கிடைத்தால் வேறு யோசனையின்றிச் சேரலாம், முடித்த பின் ஒரு படத்திலேனும் உதவியாளராக இருந்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். அந்த இடம் கிடைக்காத, இருபத்தைந்தைத் தாண்டிய, மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவர் வேலையில் இருந்துகொண்டே குறும்படம் எடுத்துப் பார்ப்பது அறிவுடைமை. மூன்றாவது, நான்காவது படம் முதல் படத்தைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தால் அப்போது உதவியாளராகப் போவது பற்றி யோசிக்கலாம். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் இயக்கம் படிப்பதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதத் தவணை தொடங்கும் நாளில் கையில் இருக்கப்போவது பேட்டா வேலை. அந்தத் தவணைக்காகவே பலர் துறையை விட்டு வேறு வேலைக்குப் போக நேரும். அதே தொகை ஒளிப்பதிவுக்கோ ஒலிக்கோ என்றால் கணக்கு மாறும். விளம்பரப் படம், திருமணப் படம், ஓ.டி.டி. தொடர் என்று வேலை வரும் திசைகள் அதிகம்.

குடும்பத்துக்கு அந்தப் பணம் பாரமில்லை, தனியார் கல்லூரியில் சேர்ந்தே தீர்வது என்று முடிவெடுத்தவர் விளம்பரக் கையேட்டில் உள்ள பிரபலங்களின் படங்களைப் பார்க்க வேண்டாம். அவர்களில் பலர் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகிறவர்களாக இருக்கலாம். சென்ற ஆண்டு மாணவர்களின் இறுதிப் படங்களைக் காட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தனியாக எத்தனை படம் இயக்குவார், குழுவாகச் செய்வது எத்தனை, படப்பிடிப்புச் செலவு கட்டணத்துக்குள் அடங்குமா, வாரம் முழுவதும் வளாகத்திலேயே இருக்கும் ஆசிரியர் எவர் என்று கேட்க வேண்டும். அதே வளாகத்தில் ஒளிப்பதிவும் ஒலியும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்களா என்பதையும் விசாரிக்க வேண்டும். இயக்கம் மட்டுமே கற்பிக்கும் இடத்தில் சேர்ந்தால், பயிற்சிப் படத்துக்கே கேமராமேனை வெளியிலிருந்து சம்பளம் கொடுத்து அழைத்துவர வேண்டியிருக்கும்.