ஒரே சாலையை எத்தனை முறை தோண்டுவது? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

தார் போட்டு ஒரு மாதம்கூட ஆகாத சாலையில் பொக்லைன் வந்து நிற்பதைப் பார்த்தால் வயிறு எரியும். தோண்ட வந்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு எல்லாம் ஒரே மண்ணுக்குள்தான் கிடக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி பட்ஜெட், தனி ஒப்பந்ததாரர், தனி அவசரம். இவற்றை ஒழுங்குபடுத்த முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன.

பார்த்தவுடன் மனதை இழுப்பது பொதுச் சுரங்கம். ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு ஒரு கான்கிரீட் பாதை, சுவரோரம் தாங்கிகள், அவற்றின் மேல் கேபிளும் குழாயும். பழுது என்றால் உள்ளே இறங்கிச் சரிசெய்துவிடலாம், சாலையைத் தொட வேண்டாம். யோசனை பழையதுதான். லண்டனில் கேரிக் தெருவுக்கு அடியில் 1861-லேயே கட்டினார்கள். பாரிஸின் கழிவுநீர்ச் சுரங்கங்களுக்குள்ளேயே குடிநீர்க் குழாய்களும் போகின்றன. ஜப்பான் 1963-ல் இதற்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது.

சிங்கப்பூரின் மெரினா பே பகுதியில் இது நன்றாக அமைந்ததற்குக் காரணம், அது கடலைத் தூர்த்து எடுத்த புது நிலம். ஏற்கெனவே குழாய்கள் பின்னிக்கிடக்கும் பழைய தெருவில் சுரங்கம் கட்ட, முதலில் அத்தனையையும் இடம் மாற்ற வேண்டும். அதாவது எந்தத் தோண்டலைத் தவிர்க்க நினைத்தோமோ, அதையே பெரிய அளவில் செய்ய வேண்டும். கழிவுநீர் தானாக ஓடக் குழாய் சரிவாக இருக்க வேண்டும், சுரங்கத்தின் மட்டத்துக்கு அதை வளைக்க முடியாது. எரிவாயுக் குழாயை உள்ளே விட்டால் காற்றோட்டமும் கசிவு உணரிகளும் கட்டாயம். புதிதாக உருவாகும் பகுதிக்குச் சுரங்கம் சரி, பழைய தெருவுக்குச் சரிவராது.

அடுத்தது, சாலையைத் திறக்காமல் பக்கவாட்டில் துளைபோட்டுக் குழாயை இழுப்பது. ஆற்றையோ ரயில் பாதையையோ கடக்க இதைவிட நல்ல வழி இல்லை. நெரிசலான தெருவில்தான் எனக்குப் பயம். துளைக்கும் முனை எதன்மேல் இடிக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. எரிவாயுக் குழாய் ஒன்று பழைய சாக்கடைக் குழாயைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பல வருடம் கழித்து சாக்கடை அடைத்துக்கொள்ளும். அடைப்பெடுக்க வருபவர் வெட்டும் கருவியை உள்ளே விடுவார், அது எரிவாயுக் குழாயை அறுக்கும், வாயு சாக்கடை வழியாக வீட்டுக்குள் ஏறும். இப்படி வெடிவிபத்துகளே நடந்திருக்கின்றன.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: பொது நாள்காட்டி, பொதுப் பள்ளம். சாலை போடும் தேதியை ஓரிரு வருடம் முன்பே எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். பள்ளத்தை ஒரே முறை தோண்டி, எல்லாரும் அதிலேயே குழாயும் கேபிளும் போட வேண்டும்: ஆழத்தில் போவது முதலில், மேலே வருவது கடைசியில். மூடிய பிறகு அவசரப் பழுது தவிர வேறு எதற்கும் சில வருடம் அந்தச் சாலையைத் தொடக் கூடாது. பிரிட்டனில் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட தடைக்கு இடம் தருகிறது. லண்டன் 2012-ல் இன்னொரு படி போனது: நெரிசலான சாலைகளில் தோண்ட நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை கட்டணம். வேலையைச் சீக்கிரம் முடிக்க வைக்கக் கட்டணம் உதவும், ஆனால் பணம் இருப்பவர் கட்டிவிட்டுத் தோண்டிக்கொண்டே இருக்கலாம். அதனால் தடைதான் முதலில் வேண்டும்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. தடை வந்தால் எல்லா வேலையும் திடீரென்று ‘அவசரப் பழுது’ ஆகிவிடும். அப்புறம், பள்ளத்தை மூடும் பொறுப்பு யாருக்கு? ஐந்து பேரும் மண்ணைத் தள்ளிவிட்டுப் போனால் அடுத்த மழைக்குச் சாலை உள்வாங்கும். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்கும் வேலையை ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுத்து, உள்வாங்கினால் அவரைத்தான் கேட்க வேண்டும்.

எந்த வழியானாலும் அடியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் தோண்டுவதற்கு முன் 811 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கும் ஏற்பாடு 2007-லிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. இந்தியாவில் 2023 மார்ச்சில் ‘கால் பிஃபோர் யு டிக்’ (தோண்டும் முன் அழையுங்கள்) செயலி வந்தது. இரண்டும் நல்லவைதான், ஆனால் அவற்றுக்கு ஆதாரம் பழைய வரைபடங்கள். ‘மதில் சுவரிலிருந்து ஒரு மீட்டர்’ என்று எழுதியிருக்கும், சாலையை அகலப்படுத்தியபோதே அந்த மதில் போயிருக்கும். கருவி வைத்துத் தேடலாம் என்றால், மண்ணுக்குள் பார்க்கும் ரேடார் களிமண்ணில் ஆழமாகப் பார்க்காது. பக்கத்தில் உலோகக் கம்பி சேர்த்துப் போடாத பிளாஸ்டிக் குழாய், குழாய் தேடும் மின்காந்தக் கருவிக்குச் சிக்காது. கடைசியில் கையால் சோதனைக் குழி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

பொதுப் பள்ளத்தை நான் ஆதரிக்க இதுவும் ஒரு காரணம். எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது அப்போது மட்டும்தான். மண் விழுவதற்கு முன் ஒவ்வொன்றின் ஆழத்தையும் இடத்தையும் அளந்து பதிய வேண்டும். அந்த அளவைத் தராதவருக்குக் கடைசித் தவணையைத் தரக் கூடாது.