டிரில்லிங் மெஷினும் அதன் சாவியும்: எட்டு வருட அனுபவம்

போன வாரம் என் டிரில்லிங் மெஷினுக்குக் கார்பன் பிரஷ் மாற்றினேன். பெருமை தாங்காமல் அதைப் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்ப, உடனே கேள்வி வந்தது: "வீட்டு வேலைக்கு நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்டா. உன்னோடது எப்படி? நிஜமாவே காசு மிச்சமாகுதா?" இரண்டு வரியில் முடிக்க நினைத்த பதில் நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது சாதாரண ரகம்தான். வயர் உள்ளது, 13 மி.மீ. சக் (துளை போடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் வாய்), சுற்றிக்கொண்டே சுவரில் தட்டும் ஹேமர் மோடு உண்டு, இரண்டு பக்கமும் சுற்றும். மோட்டாரைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அந்தச் சக் சாவி மேல்தான்.

தெரியாதவர்கள் இருக்க முடியாது. சுண்டுவிரல் நீளத்தில் 'டி' வடிவ இரும்புத் துண்டு, நுனியில் பல். பிட் மாட்டவும் கழற்றவும் அதுதான் வேண்டும். ஆர்தர் ஜேக்கப்ஸ் என்பவர் 1902-ல் பல் வைத்த இந்தச் சக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அன்றிலிருந்து உலகம் முழுக்க யாரோ ஒருவர் அந்தச் சாவியைத் தேடிக்கொண்டுதான் இருப்பார். பெட்டியில் ஒரே ஒரு சாவி கொடுத்து, அதை வயரில் செருகி வைக்க ஒரு ரப்பர் பட்டையும் கொடுத்தார்கள். மூன்றாவது மாதமே பட்டை அறுந்தது. அப்புறம் சாவி சட்டைப்பையில், ஜன்னல் விளிம்பில், ஒருமுறை வாஷிங் மெஷினுக்குள். பத்து நிமிட வேலை, அதற்கு முன்னால் அரைமணி நேரத் தேடல்.

தேடுவதாவது பரவாயில்லை. இரண்டாம் வருடம், குளியலறையில் துண்டு மாட்டும் கம்பிக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். டைல்ஸ் என்பதால் எல்லாம் முறைப்படிதான் செய்தேன். குறித்த இடத்தில் டேப் ஒட்டினேன், ஹேமரை நிறுத்தினேன், வேகத்தைக் குறைத்து மெதுவாகத் தொடங்கினேன். முதல் துளை கீறல் இல்லாமல் வந்தது. பிட்டைச் சற்று வெளியே இழுத்து முறுக்கிவிட்டு, சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு விசையை அழுத்தினேன். சாவி பறந்துபோய் எதிர்ச்சுவரில் அடித்தது. ஒரு டைல் நட்சத்திரமாக விரிந்தது. முகத்தில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. அதே அளவு, அதே நிற டைல் கிடைக்காமல், ஒட்டுவதற்கு ஆளையும் கூப்பிட்டு, அந்த வருடம் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே போனது.

கோபத்தில் கையால் முறுக்கும் சாவியில்லாத சக் வாங்கினேன். பழையதைக் கழற்றுவதே ஒரு பாடம். சக்கின் வாயை முழுக்கத் திறந்தால் உள்ளே ஒரு ஸ்க்ரூ தெரியும். இரண்டு பக்கமும் சுற்றும் மெஷின்களில் அது இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். நான் வழக்கம்போல இடப்பக்கம் முறுக்கி முறுக்கி அதன் தலையைப் பாதி மொட்டையாக்கிய பிறகே புத்தி வந்தது. புதுச் சக் மரத்துக்கும் தகரத்துக்கும் அருமை. ஆனால் ஹேமரில் செங்கல் சுவரைத் துளைத்தால், அந்த அதிர்வில் பிடி தளர்ந்து பிட் வழுக்கியது. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு பழைய சக்கும் பழைய சாவியும்.

கடைசியில் ஒரு வழி பிடித்தேன். சாவியை மெஷின் பக்கம் கட்டாமல், வயரின் மறுமுனையில், பிளக்கை ஒட்டி ஒரு சாண் கயிற்றில் கட்டிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கி எடுத்து வந்தால்தான் சாவி சக்குக்கு எட்டும். மின்சாரம் இருக்கும்போது பிட் மாற்றவே முடியாது. ஐந்து வருடமாக அப்படியே இருக்கிறது. இதைக் கம்பெனிக்காரர்களே ஏன் செய்து கொடுக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே குனிந்து எடுக்கிறேன்.

சரி, பிரஷ் கதை. இரண்டு மாதமாக விசையை அழுத்தினால் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. ஒரு தட்டுத் தட்டினால் உயிர் வரும். காற்றுத் துளை வழியே பெரிய பெரிய பொறி தெரிந்தது. பழுது பார்க்கும் கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "ஆர்மேச்சர் போயிருக்கும், புதுசே வாங்கிடுங்க" என்றார்கள். ஆர்மேச்சர் என்றால் மோட்டாருக்குள் சுற்றும் பகுதி. வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் மூடியைத் திருகினேன். ஸ்பிரிங்கோடு வெளியே வந்த கார்பன் துண்டு நகத்தளவுக்குத் தேய்ந்திருந்தது. சுற்றும் செம்புப் பட்டைகளுக்கு மின்சாரத்தைக் கடத்துவது இதுதான். செம்பு தேயக்கூடாது என்றுதான் அதைவிட மென்மையான கார்பனை வைக்கிறார்கள். தேய்வதே அதன் வேலை. பழையதைக் கையில் கொண்டுபோய் அதே அளவில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டு, கார்பன் முனை செம்பின் மேல் நன்றாகப் படிய வேண்டும் என்று சும்மா ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். பொறி அடங்கியது. பத்து நிமிட வேலை! எட்டு வருடத்தில் இந்த மெஷின் தந்த பெரிய சந்தோஷம் இதுதான். (கார்பன் பிரஷ் தேய்ந்தது சுவரைத் துளைத்து அல்ல. கம்பி பிரஷ் மாட்டி இரும்புக் கதவின் துருவை நாள்கணக்கில் உரசியதும், இதே மெஷினில் பெயின்ட் கலக்கியதும்தான்.)

இனி காசுக் கணக்கு. அலமாரித் தட்டுகள், திரைச்சீலைக் கம்பிகள், இரும்புக் கதவு எல்லாவற்றுக்கும் ஆளைக் கூப்பிட்டிருந்தால் கொடுத்திருக்க வேண்டிய கூலி, மெஷின் விலையைத் தாண்டியிருக்கும். அதில் டைல், வீணாய்ப் போன சக், கான்கிரீட் பீமில் முனை போன பிட்டுகள் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். இந்த மெஷினில் ஹேமர் மோடில் பல் வைத்த இரண்டு வட்டத் தகடுகள் உரசித்தான் அடி விழுகிறது. செங்கலுக்குப் போதும், கான்கிரீட்டுக்குப் போதாது. அதற்குக் காற்றழுத்தத்தில் பிஸ்டன் அடிக்கும் ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எனக்கு அதிகம் மிச்சமானது மெஷினே தொடாத வேலைகளில். சொட்டும் குழாய்க்கு வாஷர் மாற்றியது. ஸ்க்ரூ பிடிக்காமல் தொங்கிய கதவுக் கீலின் துளையில் பசை தடவிய தீக்குச்சிகளை, மருந்து கிள்ளிவிட்டு, அடைத்துக் காயவிட்டு மறுபடி முடுக்கியது. கையில் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

ஆகவே என் தீர்ப்பு: வாங்காதே. வருடத்துக்குப் பத்துத் துளை போடும் வீட்டுக்கு இது தேவையே இல்லை. அதற்காக என்னுடையது நாளைக்குப் புகைந்து போனால் சும்மா இருப்பேனா என்று கேட்காதே. சாயங்காலத்துக்குள் இதே மாடலை வாங்கி வந்து, முதல் வேலையாகச் சாவியைப் பிளக்கில் கட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து என்னுடையதை எடுத்துக்கொண்டு போடா. ஆறு எம்எம் பிட் மழுங்கிவிட்டது, அதை மட்டும் நீ வாங்கிக்கொள். கயிற்றை அவிழ்க்காதே.