மூடி திறக்காத பேட்டரி

மனைவியின் தம்பி மோல்மீனிலிருந்து போன வாரம் கேட்டான்: "அத்தான், லித்தியம் பேட்டரிப் பெட்டி விலை இறங்கியிருக்கு. உங்க கடையில இருக்கிறதையே நானும் வாங்கட்டுமா?" வாங்கு, வாங்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பர்மாவின் வடக்கே சீன எல்லைக்குப் போகும் சாலையில் இருக்கும் லாஷியோவைப் பற்றியும், தாய்லாந்து எல்லையில் இருக்கும் மியாவாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போனில் அது முடியாது. அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, உள்ளே பதினாறு செல், கூரையில் பேனல், சுவரில் இன்வெர்ட்டர். இந்தக் கணக்கெல்லாம் ரங்கூனில் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதற்குள் போகவில்லை. சீனத் தயாரிப்பு. கம்பெனி பெயரும் விற்றவர் பெயரும் வேண்டாம். 2023 நடுவில் வாங்கினேன், வடக்கே பெரிய சண்டை தொடங்குவதற்கு முன்னால்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்ல சாமான். எங்களுடையது டிபன் கடை. சில மாதங்களில் இங்கே கரண்ட் நான்கு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது. ரங்கூன் வெயிலில் ஃபிரிட்ஜ் நின்றால் காலையில் கரைத்து வைத்த மாவு மதியத்துக்குள் புளித்துப் பொங்கிவிடும். பழைய ஈய பேட்டரியில் கிரைண்டர் போட்டால் விளக்கெல்லாம் மங்கி, இன்வெர்ட்டர் கூவும். ஜெனரேட்டர் வைத்திருந்தபோது அந்தச் சத்தத்தில் வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்பதே காதில் விழாது, டீசலுக்கு வேறு வரிசையில் நிற்க வேண்டும். இந்தப் பெட்டி வந்த பிறகு கிரைண்டர் ஓடும்போது ஃபிரிட்ஜும் ஓடியது, விளக்கு அசையவே இல்லை. தெரு முழுக்க இருட்டிக் கிடந்து, பிறகு "மீ லாபி", கரண்ட் வந்தாச்சு, என்று பிள்ளைகள் கத்தும்போதுதான் கரண்ட் போயிருந்ததே எங்களுக்குத் தெரியும். மாவு ஒரே பதத்தில் இருக்க ஆரம்பித்தது. கடைக்கு வருகிறவர்கள் இட்லியைப் பாராட்டினால் அதில் பாதி அந்தப் பெட்டிக்குத்தான் சேரும். இதை நான் எதிர்பார்க்கவில்லை. விளக்கும் மின்விசிறியும் ஓடினால் போதும் என்றுதான் வாங்கினேன்.

அப்புறம் மூடி. என் கோபம் முழுக்க அந்த மூடியின் மேல்தான். பெட்டி நான்கு பக்கமும் சீல் வைத்து வருகிறது. திருகைத் தொட்டால் ஸ்டிக்கர் கிழியும், ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போச்சு. உள்ளே செல்களைக் கவனித்துக்கொள்ளும் ஒரு போர்டு இருக்கிறது. எந்த செல்லிலாவது வோல்டேஜ் தப்பாகத் தெரிந்தால் அது மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிடும். 2024 மழைக்காலத்தில் அந்த போர்டு தப்புத் தப்பாகப் படிக்க ஆரம்பித்தது. நடு ராத்திரியில் தானாக நின்றுவிடும். காலையில் போய் ஃபிரிட்ஜைத் திறந்தால் வாடை. செல்களில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் விற்றவர்கள், போர்டு மட்டும் தர மாட்டோம், பெட்டியைத்தான் மாற்றுவோம், மாற்றுப் பெட்டி சீனாவிலிருந்து வர வேண்டும் என்றார்கள். இவ்வளவு பெரிய லித்தியம் பெட்டியை விமானத்தில் அனுப்ப யாரும் ஒப்புக்கொள்வதில்லை. லாரியில்தான் வர வேண்டும். எல்லையில் சீனப் பக்கம் ருய்லி, நம் பக்கம் மூசே, பிறகு லாஷியோ, மண்டலே, ரங்கூன். அவர்கள் பெட்டிகள் எல்லாம் அந்த ஒரே பாதையில்தான் வந்துகொண்டிருந்தன.

அந்த ஜூலையில் லாஷியோவில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும்.

2023 அக்டோபர் 27-ல் கோகாங், தஆங், அரக்கான் என்ற மூன்று இனங்களின் ஆயுதப் படைகளும் சேர்ந்து ராணுவத்தைத் தாக்கின. முதல் நாளே சின்ஷ்வேஹோ என்ற சீன எல்லை ஊர் ராணுவத்தின் கையை விட்டுப் போனது. 2024 ஜனவரி தொடக்கத்தில் கோகாங் பகுதியின் தலைநகர் லாவுக்காய் விழுந்தது. சீனா நடுவில் நின்று பேசி ஒரு சண்டை நிறுத்தம் வந்தது. ஜூன் கடைசியில் அது உடைந்தது. ஆகஸ்ட் 3-ல் லாஷியோவில் இருந்த வடகிழக்கு ராணுவத் தலைமையகமே கோகாங் படையின் கைக்குப் போனது. இந்த நாட்டில் ஒரு பிராந்தியத் தலைமையகம் அப்படி விழுந்தது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் தலைமையகத்தைப் பற்றியே பேசினார்கள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டலேயிலிருந்து போகும் ரயில் பாதை லாஷியோவில் முடிகிறது. அதற்கு மேலே எல்லாம் லாரிதான். கொஞ்சம் வடக்கே தெய்ன்னீயில் சாலை பிரிந்து ஒன்று மூசேக்கும் இன்னொன்று சின்ஷ்வேஹோவுக்கும் போகிறது. சீனாவோடு நிலவழியாக நடக்கும் வியாபாரத்தில் பெரும்பகுதிக்கு அந்த இரண்டு வாசல்தான். யார் லாஷியோவில் உட்கார்ந்திருக்கிறாரோ அவரைத் தாண்டாமல் ஒரு லாரியும் கீழே வராது.

எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதுக் கதை இல்லை. 1942-ல் இதே கணக்குதான். ரங்கூன் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு ரயிலில் லாஷியோ போய், அங்கிருந்து லாரியில் பர்மா சாலை வழியாகக் குன்மிங் போனது. சீனப் படைகளுக்கு ஆயுதம் போன வழி அது. ஜப்பானியர் மார்ச் 8-ல் ரங்கூனைப் பிடித்தார்கள், ஏப்ரல் 29-ல் லாஷியோவை. ஒரு முனையில் துறைமுகம் போனது, மறு முனையில் ரயில் முடியும் ஊர் போனது. அதன் பிறகு நேச நாடுகள் இமயமலைக்கு மேலே விமானத்தில்தான் சரக்கு கொண்டுபோக வேண்டியிருந்தது. மாற்றுச் சாலை போட வடக்கே இருக்கும் மிச்சினா தேவைப்பட்டது. அந்த ஊருக்காக 1944 மே நடுவிலிருந்து ஆகஸ்ட் 3 வரை சண்டை போட்டார்கள். நம் ஜனங்கள் அப்போது மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்தியாவை நோக்கி நடந்தார்கள், வழியிலேயே எத்தனையோ பேர் செத்தார்கள். ஊர் விழுந்த செய்தி வரைபடத்தில் ஒரு அம்புக்குறியாக இருக்கலாம். அதைக் காலில் சுமந்தவர்கள் அவர்கள்.

2024-லும் லாஷியோ ஜனம் அப்படித்தான் கிளம்பியது. ஒரு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் இருந்த ஊர் அது. இந்திய வம்சாவளிக் குடும்பங்களும் அங்கே உண்டு. ஊர் கை மாறிய பிறகு ராணுவம் வானத்திலிருந்து குண்டு போட்டது. என் ஃபிரிட்ஜில் மாவு கெட்டுப்போனதை அந்தக் கஷ்டத்தின் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஆனால் அந்தச் சண்டையின் ஒரு நுனி ரங்கூனில் ஒரு டிபன் கடை வரைக்கும் நீண்டிருந்தது என்பதும் உண்மை.

பெட்டி எங்கே என்று கேட்கும்போதெல்லாம் விற்றவர்களிடமிருந்து ஒரே பதில்: "லாஷியோ திறக்கட்டும்." நான் யோசித்தது இதுதான். ஊரைப் பிடித்தவர்களுக்கும் லாரி ஓடினால்தானே வருமானம், சுங்கம் கிடைக்கும்? ஏன் ஓடவில்லை? ஏனென்றால் லாஷியோவின் மதிப்பு லாஷியோவில் இல்லை. எதிர்ப்பக்கத்து வாசலைத் திறக்கிறவர் கையில் இருக்கிறது. சீனா வாசல்களை மூடியது. கோகாங் பகுதிக்குப் போய்க்கொண்டிருந்த கரண்ட், தண்ணீர், இன்டர்நெட் எல்லாவற்றையும் நிறுத்தியது. அவ்வளவு உயிரைக் கொடுத்துப் பிடித்த ஊரை 2025 ஏப்ரலில் சீனக் கண்காணிப்பாளர்கள் முன்னால் ராணுவத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தக் கைமாற்றத்துக்கு ஒரு சண்டைகூட நடக்கவில்லை. போர் நகரங்களைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ எழுதுகிறார்கள். இந்த ஒரு விஷயம் எனக்குப் போதும்.

திருப்பிக் கொடுத்ததும் பெட்டி வந்துவிடும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். வரவில்லை. லாஷியோவுக்கும் மண்டலேக்கும் நடுவில் சீப்போ, சௌக்மே, நவுங்கியோ என்று மூன்று சின்ன ஊர்கள், எல்லாம் தஆங் படையிடம். நவுங்கியோ தாண்டினால் மேமியோ, அங்கே ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி. நவுங்கியோவுக்கும் சௌக்மேக்கும் நடுவே கொக்தேய்க் பள்ளத்தாக்கு. வண்டி வளைந்து வளைந்து இறங்கி ஏற வேண்டிய இடம், மேலே நூறு வருஷத்துக்கும் பழைய ரயில் பாலம். ரங்கூனில் இருக்கும் நமக்கு இந்த ஊர்களின் பெயர் முன்பு சுற்றுலாப் போகிறவர்கள் சொல்லித்தான் தெரியும். ஆனால் மூன்றில் எது அடைத்துக்கொண்டாலும் லாஷியோ கையில் இருந்து பயனில்லை. ராணுவம் நவுங்கியோவை 2025 ஜூலையில் திரும்பப் பிடித்தது, சௌக்மேயையும் சீப்போவையும் அக்டோபரில். அந்த மாதக் கடைசியில்தான் தஆங் படையோடும் ஒப்பந்தம் ஆனது. அப்போதும் லாஷியோவுக்கு வடக்கே தெய்ன்னீயும் குட்காயும் ராணுவத்தின் கையில் இல்லை.

நடுவில் விற்றவர்கள் தாய்லாந்து வழியாக வரவழைத்துத் தருகிறோம் என்றும் சொன்னார்கள். மேசோட்டிலிருந்து பாலம் தாண்டினால் மியாவாடி. 2024 ஏப்ரலில் கரென் படைகள் அங்கே கடைசி ராணுவ முகாமையும் பிடித்தன, தோற்ற சிப்பாய்கள் பாலத்தடியில் போய் ஒதுங்கினார்கள். சில வாரத்துக்குள் எல்லைக் காவல் படையாக இருந்த இன்னொரு கரென் படையின் உதவியோடு ராணுவம் திரும்பி உள்ளே வந்தது. ஆனால் மியாவாடியிலிருந்து கவுக்கரேய்க் வரைக்கும் உள்ள மலைச் சாலையில் சண்டை ஓயவில்லை. பாலம் ஒருவரிடம், ஊர் ஒருவரிடம், சாலை இன்னொருவரிடம். மோல்மீன்காரனுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அந்தச் சாலை அவன் பக்கம்தான் இறங்குகிறது. மச்சானே அப்போது சொன்னான், அந்த வழியை நம்பாதீங்க அத்தான் என்று.

கரண்ட் ஏன் போகிறது என்பதற்கே ஒரு ஊர் காரணம் சொல்லலாம், லோய்க்கோ. அதன் பக்கத்தில் லாபிதா நீர்மின் நிலையம். ஜப்பான் போர் இழப்பீடாகக் கொடுத்ததில் கட்டியது. 2023 நவம்பரில் லோய்க்கோவுக்குள் சண்டை வந்தது. மின்கம்பிகள் போகும் மலைகளில் சண்டை நடந்தால் கம்பி மட்டும் தப்புமா?

சரி, என் பெட்டி என்ன ஆனது? மாற்றுப் பெட்டி வரவே இல்லை. பொறுமை போய், எங்கள் தெருவிலேயே இன்வெர்ட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பிரிக்கட்டுமா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றான். பிரிக்கச் சொன்னேன். உள்ளே பதினாறு செல்லும் புதுசு மாதிரி இருந்தன. மழை ஈரத்தில் போர்டின் ஒரு மூலை பச்சை பூத்துக் கிடந்தது, அவ்வளவுதான். வேறு கம்பெனி போர்டு ஒன்றைப் போட்டான். அது கடல் வழியாகத் திலாவா துறைமுகத்தில் இறங்கிய சரக்கு, ரங்கூன் கடையிலேயே கிடைத்தது. பாதி நாள் வேலை. அன்றிலிருந்து இன்று வரை ஒரு ராத்திரிகூட நிற்கவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். உள்ளங்கை அளவு போர்டு. அதைத் தனியாக விற்றிருந்தால் யாரோ ஒருவர் விமானத்தில் பையில் போட்டே கொண்டுவந்திருப்பார். சீல் வைத்த மூடியால் அந்தச் சின்னக் கோளாறு, லாரி வேண்டும், வாசல் வேண்டும், ஐந்தாறு ஊர்கள் அமைதியாக இருக்க வேண்டும் என்கிற அளவுக்குப் பெரிய கோளாறாகிவிட்டது. இந்த நாட்டில் சாமான் விற்கிறவர்கள் இந்த நாட்டின் சாலையைப் பார்த்து விற்க வேண்டும். செல் பத்து வருஷம் உழைக்கும் என்று அட்டையில் அச்சடிக்கிறவர்களுக்கு, அந்தப் பத்து வருஷத்தில் மூசே எத்தனை தடவை மூடும் என்று யோசிக்கத் தெரிய வேண்டாமா?

நியாயமாகப் பேசினால், கம்பெனி மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இறக்குமதி உரிமம், டாலர் தட்டுப்பாடு, எல்லாம் அவர்கள் தலையிலும் விழுந்தது. சரக்கின் தரத்தில் குறை இல்லை. நான் பார்த்ததில் இதைவிட நல்ல செல் இல்லை.

இப்போது விலை இறங்கியது எதனால் என்றும் பார்க்க வேண்டும். சாலை கொஞ்சம் திறந்திருக்கிறது, சரக்கு வருகிறது, கடைக்காரர்கள் கை மாற்றிவிடப் பார்க்கிறார்கள். இந்த விலை பேட்டரியின் விலை இல்லை, சீப்போவின் விலை. அங்கே ஒரு பாலம் உடைந்தால் அடுத்த வாரமே ஏறிவிடும்.

அதனால் மச்சானுக்கு என் பதில்: இதை வாங்காதே. நான் இவ்வளவு பாராட்டியது எல்லாம் உண்மை. இருந்தாலும் வாங்காதே, சீல் வைத்த எதையும் வாங்காதே. ஈய பேட்டரியே போதும் என்றால் அதையே வை, அதை மோல்மீனில் எந்தத் தெருவிலும் பிரித்துப் பார்ப்பார்கள். லித்தியம்தான் வேண்டும் என்று அக்கா மாதிரி நீயும் அடம்பிடித்தால், மூடி திருகில் திறக்கிற மாதிரி பார்த்து வாங்கு, கூடவே ஒரு போர்டும் வாங்கி அலமாரியில் வை. கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், இந்தச் சரக்கு மூசே வழியா வந்ததா, திலாவா வழியா வந்ததா என்று கேள். திலாவா என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.