உள்துளைக் காயிலுக்கு எந்தக் கோர்: ஃபெரைட்டா, லேமினேஷனா, அழுத்திய இரும்புத்தூளா?

உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்த (சின்டர் செய்த) கியரின் பற்களைக் கடினப்படுத்த, மாறுமின்னோட்டம் ஓடும் செம்புக் காயிலால் வெளியிலிருந்து சூடாக்குவது (இண்டக்ஷன் முறை) எளிது. வளையக் காயிலில் மின்னோட்டம் உள்விளிம்பை ஒட்டியே ஓடும். பாகமும் அங்கேதான் இருக்கிறது. காயிலைத் துளைக்குள் விட்டு உள்துளையைச் சூடாக்கும்போது அதே குணம் எதிரியாகிறது: மின்னோட்டம் பாகத்தை விட்டு விலகி ஓடுகிறது. இப்படித் தூளில் செய்த பாகத்தில் (பவுடர் மெட்டல்) இன்னும் மோசம். அடர்த்தி 7 கிராம்/க.செ.மீ. சுற்றளவில்தான் இருக்கும், முழு எஃகுக்கோ 7.85. நுண்துளைகளால் காந்த ஊடுருவுதிறன் (காந்தப்புலத்தைத் தன்னுள் ஈர்க்கும் திறன்) குறைகிறது, மின்தடை கூடுகிறது. பவரை மட்டும் ஏற்றினால் செம்புதான் சூடாகும். அதனால் காயிலுக்குள் கோர் கட்டாயம்: மின்னோட்டத்தைப் பாகத்தின் பக்கம் தள்ளும் காந்தப்பொருள் அது. எந்தக் கோர் என்பதே கேள்வி.

ஃபெரைட் (இரும்பு ஆக்சைடால் ஆன காந்தப் பீங்கான்) உயர் அதிர்வெண்ணில் நல்லது. ஆனால் அரை டெஸ்லாவை ஒட்டியே செறிவடைந்துவிடும் (அதற்குமேல் காந்தப்புலத்தைப் பெருக்காது), சூடானால் இன்னும் சீக்கிரம். பாகத்தைச் சட்டெனக் குளிர்விக்கும் குவென்ச் நீர் பட்டால் விரிசல் விடும்.

லேமினேஷன் (மின்காப்பிட்ட மெல்லிய எஃகுத் தகடுகளின் அடுக்கு) 10 கிலோஹெர்ட்ஸ் வரை வலுவானது, வெப்பமும் தாங்கும். காயிலின் முனைகளில் காந்தப்புலம் தகட்டின் அகன்ற முகத்தைக் குறுக்கே வெட்டுவதால், கடைசித் தகடுகள்தான் முதலில் கருகும். பெரிய துளை, தாழ்ந்த அதிர்வெண் என்றால் இதையும் ஒதுக்க முடியாது.

நம் ஓட்டு அழுத்திய இரும்புத்தூள் கோருக்கு. (அதுவும் பவுடர் மெட்டலர்ஜியின் பிள்ளைதான்!) லேத்திலேயே கடையலாம். ஊடுருவுதிறன் லேமினேஷனைவிடக் குறைவு; இந்தத் திறந்த காந்தச் சுற்றில் காற்று இடைவெளியே ஆதிக்கம் செலுத்துவதால் அது பெரிய இழப்பில்லை.

இதன் ஆயுளைத் தீர்மானிப்பது ஒட்டுவேலை. உள்ளே தூளைப் பிணைத்திருக்கும் பைண்டர் ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்டநேரம் தாங்காது. கோரின் வெப்பம் நீரோடும் செம்புக்குள் இறங்கியாக வேண்டும். நடுவே மெல்லிய காற்றடுக்கு இருந்தாலே போதும், அது தடைப்படும். செம்பை மணற்காகிதத்தால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, வெப்பம் கடத்தும் எபாக்சியை இரு முகங்களிலும் தடவுங்கள். அழுத்தும்போது பசை எல்லா விளிம்பிலும் பிதுங்க வேண்டும். பிதுங்காத பக்கத்தில் உள்ளே குமிழி இருக்கிறது என்று பொருள். கழற்றி மறுபடி ஒட்டுங்கள். ஓரம் கருத்துப் பொடிந்தால் பொருளைக் குறை சொல்லுமுன் பசையையும் நீரோட்டத்தையும் பாருங்கள். காயிலில் பிரேசிங் (உலோகத்தை உருக்கி இணைக்கும்) வேலை வந்தால் முதலில் கோரைக் கழற்றிவிடுங்கள்.

கோர் மாட்டியதும் காயிலின் இண்டக்டன்ஸ் ஏறும். கெப்பாசிட்டரையோ டிரான்ஸ்ஃபார்மர் டேப்பையோ (சுற்று எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு) மாற்றி மறுபடி டியூன் செய்ய வேண்டும். பழைய பவரிலேயே தொடங்காதீர்கள். சின்டர் பாகம் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே கடத்தும்; கீவே (துளையில் சாவி அமரும் பள்ளம்) ஓரம் உருகிய பிறகுதான் தவறு கண்ணில் படும்.